ஆறு வரிச் செய்தியும் ஓர் ஆழ்கடல் மீனும்

நான் எழுதி அச்சில் வந்தவற்றில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, பழுப்புக் காகித உறைகளில் போட்டு வைத்திருக்கிறேன். வீடு மாறியபோதும் ஊர் மாறியபோதும் பல உறைகள் தொலைந்துவிட்டன. எஞ்சியவற்றை அண்மையில் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது, 2003ஆம் ஆண்டு ஜூலையில் வெளியான ஆறு வரிச் செய்தியொன்று கையில் அகப்பட்டது. தலைப்பு: 'வினோத மீன் சிக்கியது'. செய்தி இதுதான்: 'திருகோணமலை மாவட்ட மீனவர் ஒருவரின் தூண்டிலில் அண்மையில் வினோதமான மீன் ஒன்று அகப்பட்டது. கறுப்பு நிறமான இம்மீனின் கண்கள் பச்சை நிறத்தில் காணப்பட்டன. இதனைப் பார்வையிடப் பெருந்திரளான மக்கள் கூடினர்.'

அந்தப் 'பெருந்திரளான மக்கள்' உண்மையில் ஏழெட்டுச் சிறுவர்களும் இரண்டு நாய்களுமே. அது போகட்டும். எந்த மீனவர்? எந்தக் கரை? எந்த நாள்? எவ்வளவு ஆழம்? மீனின் நீளம் எவ்வளவு? இவற்றில் ஒன்றுகூட அந்த ஆறு வரிகளில் இல்லை. பத்திரிகைத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு முதல் நாளே கற்பிக்கப்படும் 'யார், என்ன, எங்கே, எப்போது, எப்படி' என்ற கேள்விகளில் நான்கைத் தவறவிட்ட செய்தி அது. எழுதியவன் நான். செய்தி மேசையில் எவரும் அதை வெட்டிச் சுருக்கவில்லை. நான் அனுப்பியதே அவ்வளவுதான்.

இந்தத் துணுக்கை மீண்டும் உறையில் போட்டுவிட்டு மறந்திருப்பேன். ஆனால் அதே வாரத்தில் இன்னொரு செய்தியையும் வாசிக்க நேர்ந்தது. இந்தோனேசியாவின் வட மலுக்கு மாகாணக் கடலில், 2024 ஒக்டோபரில், 144 மீற்றர் ஆழத்துக்கு இறங்கிய சுழியோடிகள் உயிருள்ள சீலகாந்த் மீனொன்றைக் கண்டு படம்பிடித்திருக்கிறார்கள். 2025இல் அது ஆய்விதழில் வெளிவந்தது. அந்தப் பகுதியிலிருந்து அம்மீன் பதிவு செய்யப்பட்டது அதுவே முதல் தடவை. மீனின் பாதுகாப்புக் கருதி, கண்ட இடத்தைத் துல்லியமாகச் சொல்லாமல் மறைத்திருந்தார்கள். இடத்தை அறிந்து, குறித்து வைத்து, ஒரு காரணத்துக்காக மறைப்பது ஒன்று. இடத்தைக் கேட்கவே மறந்துபோவது வேறொன்று. என் உறைக்குள் இருந்தது இரண்டாவது வகை.

விலங்கியலாளர்கள் 'புதிய பரம்பல் பதிவு' என்று ஒன்றைச் சொல்வார்கள். ஓர் உயிரினம் எந்தெந்த இடங்களில் வாழ்கிறது என்பதே அதன் பரம்பல். இதுவரை அறியப்படாத ஓரிடத்தில் அது காணப்பட்டால், அதைச் சான்றுகளுடன் எழுதி வெளியிடுவது பரம்பல் பதிவு. பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேற்படாத சிறு குறிப்பு. புதிய இனத்தைக் கண்டுபிடித்ததற்குரிய புகழ் இதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் அந்தச் சிறு குறிப்புக்கு வேண்டியவை ஏராளம். பிடிபட்ட நாள், அகலாங்கு நெட்டாங்கு, ஆழம், வலையா தூண்டிலா என்ற விவரம், உடலின் அளவுகள், செட்டைகளிலுள்ள கதிர்களின் எண்ணிக்கை, படம், கூடுமானால் அருங்காட்சியகத்தில் இலக்கமிட்டு வைக்கப்பட்ட உடல்... இவையெல்லாம் இருந்தால்தான் நாளைக்கு இன்னொருவர் ஐயம் எழுப்பும்போது மீண்டும் எடுத்துப் பார்க்க முடியும்.

முதற்பதிவு என்றால் அந்த மீன் அன்றைக்குத்தான் அங்கு வந்து சேர்ந்தது என்று பொருளல்ல. அது அங்கேயே இருந்திருக்கும். அவ்வூர் மீனவருக்கு அதைத் தெரிந்தும் இருக்கும். அன்றைக்கு வந்து சேர்ந்தது எழுதுகோல்தான்.

சீலகாந்தின் கதையைப் போல இதை விளக்கக்கூடியது வேறில்லை. 'உள்ளீடற்ற முள்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த பெயர் அது. பாறைகளில் பதிந்த எச்சங்களைக் கொண்டு மட்டுமே அந்த மீன் குலத்தை அறிவியல் அறிந்திருந்தது. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், டைனோசர்களின் காலத்தோடு அதன் எச்சங்களும் நின்றுபோகின்றன. ஆகவே குலம் அழிந்தது என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

1938 டிசம்பர் 22ஆம் திகதி. தென்னாபிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் என்ற துறைமுக நகரம். அங்கிருந்த சிறிய அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னி லற்றிமர், 31 வயதுப் பெண். சாலும்னா ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் மீன்பிடித்துத் திரும்பிய நெரீன் என்ற இழுவைப்படகின் தலைவர் ஹென்ட்றிக் கூசன், வழக்கமாக விசித்திரமான மீன் ஏதும் அகப்பட்டால் அவருக்கு அறிவிப்பார். அன்றும் தொலைபேசியில் தகவல் வந்தது. லற்றிமருக்கு வேறு வேலை இருந்தது. இருந்தாலும் கிறிஸ்மஸ் நெருங்கிவிட்டதே, படகுக்காரர்களுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லிவிட்டு வரலாம் என்று போனார். மீன் குவியலுக்குள்ளிருந்து நீல நிறச் செட்டையொன்று நீட்டிக்கொண்டிருந்தது.

ஐந்தடி நீளம், 57 கிலோவுக்கும் மேற்பட்ட எடை. வாடகைக் கார்ச் சாரதி அந்த நாற்றமடிக்கும் பொருளை ஏற்ற மறுத்தார். ஒருவாறு இணங்கவைத்து ஏற்றிவந்தால், பிரேத அறையிலும் இடமில்லை, குளிரூட்டிக் களஞ்சியத்திலும் இடமில்லை. அருங்காட்சியகத் தலைவரோ சாதாரணப் பாறைமீன் என்று தள்ளிவிட்டார். லற்றிமர் விடவில்லை. விலங்குகளைப் பாடம் செய்பவரிடம் கொண்டுபோய், போர்மலினில் நனைத்த செய்தித்தாள்களாலும் படுக்கை விரிப்பாலும் மீனைச் சுற்றிவைத்தார். மறுநாள், மீனியலாளர் ஜே. எல். பி. ஸ்மித்துக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தோடு, தன் கையால் வரைந்த ஒரு படம்.

ஸ்மித் விடுமுறையில் வேறோர் ஊரில் இருந்தார். கடிதம் அவர் கையை அடைந்தபோது 1939 ஜனவரி 3ஆம் திகதி ஆகிவிட்டது. எலும்புக்கூட்டையும் செவுள்களையும் பாதுகாக்கும்படி அவர் அவசரத் தந்தி அனுப்பினார். ஆனால் அதற்குள், கோடை வெப்பத்தில் அழுகிய உள்ளுறுப்புகளை வீசிவிட்டிருந்தார்கள். எடுத்த புகைப்படங்களும் பழுதாகிவிட்டன. எஞ்சியவை தோலும், தலையும், அந்தக் கடிதமும் படமுமே. பெப்ரவரி நடுப்பகுதியில்தான் ஸ்மித்தால் மீனை நேரில் காண முடிந்தது. லற்றிமரின் பெயரையும் ஆற்றின் பெயரையும் சேர்த்து லற்றிமேரியா சாலும்னே என்று அதற்குப் பெயரிட்டார்.

பத்திரிகையாளன் என்ற முறையில் இந்த நிகழ்ச்சியில் என்னைக் கவர்வது அந்தப் படம்தான். லற்றிமரிடம் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி, அளந்ததை அளந்தபடி எழுதி அனுப்பியதே அவர் செய்தது. அந்தப் படத்தைக் கண்டவுடனேயே ஸ்மித்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. பல்கலைக்கழகத்தில் கலைமாணிப் பட்டம் பெற்று, பத்தாண்டுக்கும் மேலாகச் செய்தி எழுதிக்கொண்டிருந்த நான், 2003இல் ஒரு மீனின் நீளத்தைக்கூட எழுதவில்லை.

இரண்டாவது மீனுக்காக ஸ்மித் 14 ஆண்டுகள் காத்திருந்தார். ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துக்கேய மொழிகளில் துண்டுப்பிரசுரம் அச்சிட்டு, மீனின் படத்தோடு, 100 பவுண் பரிசு என்று அறிவித்து ஆபிரிக்கக் கிழக்குக் கரையெங்கும் பரப்பினார். 1952 டிசம்பர் 20ஆம் திகதி, கொமொரோஸ் தீவுகளுள் ஒன்றான அஞ்சுவானில், அகமதி அப்துல்லா என்ற மீனவரின் கைத்தூண்டிலில் மீன் அகப்பட்டது. சந்தைக்கு வந்த அந்த மீனைப் பிரசுரத்தின் படத்தோடு ஒப்பிட்டு அடையாளம் கண்டவர் உள்ளூர் ஆசிரியர் ஒருவர். தீவுகளுக்கிடையே கப்பல் ஓட்டிய எரிக் ஹண்ட் என்ற வணிகரிடம் அது கொண்டு செல்லப்பட்டது. தென்னாபிரிக்கப் பிரதமர் மலான் கொடுத்துதவிய இராணுவ விமானத்தில் ஸ்மித் பறந்து வந்தார்.

கொமொரோஸ் மீனவருக்கு அது அதிசயமே அல்ல. 'கொம்பெஸ்ஸா' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். எண்ணெய் மிகுந்த, தின்னத் தகாத மீன் என்பதும் அவர்களுக்குத் தெரியும். உலகம் 14 ஆண்டுகளாகத் தேடிய மீனை அவர்கள் இடைக்கிடை தூண்டிலில் கண்டு அலுத்துக்கொண்டிருந்தார்கள்.

பெயர் வைத்த கதைதான் இதில் கசப்பானது. அந்த இரண்டாவது மீனின் முதுகில் முன்செட்டை இல்லை. ஆகவே இது வேறோர் இனம் என்று கருதிய ஸ்மித், விமானம் கொடுத்த பிரதமரின் பெயரால் 'மலானியா' என்று அழைத்தார். நிறவெறி ஆட்சியை 1948இல் அரசின் கொள்கையாக்கிய அதே மலான். இரவுக் கடலில் கைத்தூண்டிலால் அதைப் பிடித்த கறுப்பினத் தீவு மீனவரின் பெயர் மீனுக்கு வரவில்லை. பின்னர், செட்டை இல்லாமை வெறும் ஊனம்தான், மீன் பழைய இனமே என்று தெரிந்து, மலானியா என்ற பெயர் வழக்கொழிந்தது. ஆனால் அகமதி அப்துல்லாவின் பெயர், நாளோடும் ஊரோடும் சேர்த்து எழுதப்பட்டிருந்ததால், இன்றைக்கும் எஞ்சியிருக்கிறது. மீனுக்குச் சூட்டப்படாவிட்டாலும், பதிவில் இருப்பது சிறிய விஷயமல்ல.

அதன் பிறகு பல ஆண்டுகள், சீலகாந்த் கொமொரோஸுக்கு மட்டும் உரியது, 1938இல் அகப்பட்டது வழிதவறி வந்த மீன் என்றே பெரும்பாலோர் நம்பினர். ஜெர்மானியரான ஹான்ஸ் ஃபிரிக்கே 1987இல் சிறு நீர்மூழ்கியில் இறங்கி, உயிருடன் நீந்தும் சீலகாந்தை அதன் வாழிடத்திலேயே முதன்முதலாகக் கண்டதும் கொமொரோஸில்தான். பின்னர் பரம்பல் பதிவுகள் ஒவ்வொன்றாக அந்த நம்பிக்கையைக் கலைத்தன. 1991இல் மொசாம்பிக் கரைக்கு அப்பால் ஓர் இழுவைப்படகின் வலையில் சூல்கொண்ட பெண் மீன் அகப்பட்டது. அதன் வயிற்றில் 26 குஞ்சுகள் இருந்தன. 1995இல் மடகஸ்காரின் தென்மேற்குக் கரை. 2000 ஒக்டோபரில், தென்னாபிரிக்காவின் சொட்வானா விரிகுடாவில் சுழியோடிகள் 104 மீற்றர் ஆழத்தில் கண்டார்கள். மறுமாதம் அதைப் படம்பிடிக்கச் சென்ற குழுவில் ஒருவர் உயிரிழந்தார். 2001இல் கென்யா. 2003 முதல் தன்சானியா.

இவற்றுக்கிடையே நிகழ்ந்த இந்தோனேசியக் கதையைத் தனியாகச் சொல்லவேண்டும். 1997 செப்டெம்பரில், சுலாவேசித் தீவின் மனாடோ நகரச் சந்தைக்கு, உயிரியலாளர் மார்க் எர்ட்மனும் அவருடைய மனைவி ஆர்னாசும் போயிருந்தார்கள். தள்ளுவண்டியில் போன ஒரு மீனை மனைவி கண்டு காட்டினார். அது சீலகாந்த் என்று எர்ட்மனுக்குத் தெரிந்தது. ஆனால் இந்தோனேசியாவிலும் அது உண்டென்பது ஏற்கெனவே அறிந்த விஷயமாக இருக்கும் என்று எண்ணினார். படம் மட்டும் எடுத்துக்கொண்டார். மீன் விலைப்பட்டுப் போய்விட்டது. கொமொரோஸிலிருந்து 10,000 கிலோமீற்றருக்கு அப்பால் அப்படியொரு மீன் எங்குமே பதிவாகவில்லை என்பது பின்னர்தான் அவருக்குத் தெரியவந்தது.

அவர் செய்தது என்ன? கரை கரையாகப் போய் மீனவரிடம் விசாரித்தார். அவர்களும் அதை அறிந்திருந்தார்கள். கடலின் அரசன் என்று பொருள்பட 'ராஜா லாவுத்' என்று அழைத்தார்கள். பத்து மாதங்களின் பின், 1998 ஜூலை 30ஆம் திகதி, லாமே சொனாதான் என்ற மீனவரின் வலையில் உயிருடன் ஒரு மீன் அகப்பட்டது. பின்னர் மரபணு ஆய்வு அது தனி இனம் என்று காட்டியது. 1999இல் வேறொரு குழுவினர் முந்திக்கொண்டு அதற்குப் பெயரிட்டு வெளியிட்டனர். மீனைப் பிடித்தவரின் பெயரும் அதில் இல்லை, தேடியவரின் பெயரும் இல்லை. ஊரின் பெயரே இருக்கிறது. ஆயினும் எர்ட்மனுக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைத்தது. அதை அவர் தேடிப்போய்ப் பெற்றுக்கொண்டார் என்பதே சரி.

எனக்கு அது வாய்க்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின், நான் பணியாற்றிய நாளிதழ் என்னை அடிக்கடி திருகோணமலைக்கு அனுப்பியது. அதற்கு முந்திய ஆண்டுகளில் அங்கு கடலுக்குப் போவதென்றால் அனுமதிச் சீட்டு, நேரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு. உடன்படிக்கையோடு அவை தளரத் தொடங்கின. திருகோணமலைக் கடலின் இயல்பு பலருக்குத் தெரிந்திருக்கும். துறைமுகத்தை ஒட்டியே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்குத் தொடங்குகிறது. கரையிலிருந்து சில மைல்களுக்குள்ளேயே நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழம். திமிங்கிலங்கள் அங்கு கரைக்கு இத்தனை அருகில் வருவதும் அந்த ஆழத்தினால்தான். கட்டுப்பாடு தளர்ந்ததும், ஆண்டுக்கணக்காகப் போகாத ஆழத்துக்கு மீனவர்களின் தூண்டில்கள் மீண்டும் இறங்கின.

2003 ஜூலையில், கச்சான் அனலாய் வீசிய ஒரு முற்பகலில், மீள்குடியேற்றம் பற்றி எழுதுவதற்காக நகருக்கு வெளியே ஒரு மீனவர் குடியிருப்புக்குப் போயிருந்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் என்னைத் தம் வாடிக்கு அழைத்துச் சென்றார். ஐஸ்பெட்டியைத் திறந்து காட்டினார்.

"தம்பி, இத ஒருக்கா பாருங்கோ. நூத்தி அறுபது பாகத்தில தூண்டில் விட்டனான். எங்கட அப்பு ஒருதரம் கண்டதெண்டு சொல்லுவார். நான் இண்டைக்குத்தான் காணுறன்."

கரிய, ஒடுங்கிய மீன். தோல் சுறாத்தோலைப்போல் சொரசொரப்பாக இருந்தது. கண்கள் மிகப் பெரியவை, கண்ணாடிக் குண்டைப்போல், பச்சை நிறமாக ஒளிர்ந்தன. இரண்டு முழத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அவர் தம் கையாலேயே முழம் போட்டுக் காட்டினார். நான் ஒரேயொரு படம் எடுத்தேன்.

"பேப்பரில போடுங்கோ தம்பி. இதப்பற்றித் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் வந்து பாப்பினம். என்ன மீனெண்டு எங்களுக்கும் தெரியவேணும்தானே."

"போடுறன் அண்ணை" என்றேன். அந்தப் பயணம் முழுவதும் அவரை 'அண்ணை' என்றே அழைத்தேன். பெயரைக் கேட்கவில்லை. மீள்குடியேற்றம் பற்றிய என் கட்டுரைக்காக அன்று பதினொரு பேரின் பெயரும் வயதும் ஊரும் என் குறிப்பேட்டில் ஏறின. அவருடையது ஏறவில்லை. மீன் எனக்கு ஒரு பொழுதுபோக்குத் துணுக்கு, அவ்வளவுதான். மறுநாள் ஆறு வரி எழுதி அனுப்பினேன். புகைப்படம் அச்சாகவில்லை. அதன் படச்சுருள் பின்னர் எங்கே போனதென்று தெரியாது.

இரண்டு மாதங்களின் பின் அதே கரைக்குப் போனபோது அவரைக் கண்டேன். கோபிக்கவில்லை. வலை பொத்திக்கொண்டே சொன்னார்:

"பேப்பர் பாத்தனாங்கள் தம்பி. ரெண்டு நாள் ஐஸில வச்சிருந்தனான். ஆரும் வருவினமெண்டு. வரேல்ல. மூண்டாம் நாள் தூண்டிலுக்கு இரையா வெட்டிட்டன்."

யார் வருவார்கள்? மாவட்டத்தின் பெயரை மட்டும் போட்டு 'மீனவர் ஒருவர்' என்று எழுதினால், கொழும்பிலிருந்தோ திருகோணமலை நகரிலிருந்தோ எவர் எந்தக் கரைக்குப் போய் எவரைக் கேட்பது? ஐஸ் அன்று அந்தக் கரையில் மலிவான பொருளல்ல. லற்றிமர் ஸ்மித்தின் பதிலுக்காகக் காத்திருந்ததைப் போல, அவரும் என் செய்திக்குப் பதில் வருமென்று காத்திருந்திருக்கிறார். லற்றிமருக்குப் பதில் தாமதமாகவேனும் வந்தது, ஏனெனில் அவருடைய கடிதத்தில் முகவரி இருந்தது.

அன்றாவது அவருடைய பெயரைக் கேட்டிருக்கலாம். வெட்கத்தில் கேட்கவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையைப் பற்றி நான் இங்கு விரிக்கவேண்டியதில்லை. 2005 ஜனவரியில் அந்தக் கரைக்குப் போனேன். வாடி இருந்த இடத்தில் மணல் மட்டுமே இருந்தது. நலன்புரி நிலையத்தில் விசாரித்தேன். "எந்த அண்ணை? பேரென்ன?" என்று கேட்டார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. "ஒரு கறுப்பு மீன் பிடிச்சவர், பச்சைக் கண்" என்று நான் சொல்ல, தன் இரு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்திருந்த ஒரு தாய் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. அந்த மனிதர் உயிருடன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்பதை அன்றும் அறியேன், இன்றும் அறியேன்.

பல ஆண்டுகளின் பின், கடல்வள ஆய்வாளர் ஒருவரிடம் இந்த மீனைப் பற்றிச் சொன்னேன். ஆழ்கடற் சுறாக்களில் பச்சை நிறக் கண் கொண்டவை பல உண்டு, அவற்றுள் ஒன்றாக இருக்கலாம் என்றார். எது என்று கேட்டேன். படம் உண்டா, செட்டையில் முள் இருந்ததா, பற்களைப் பார்த்தீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். "அப்படியானால் அது செய்திதான், பதிவல்ல" என்றார். அவர் புண்படுத்தும் நோக்கில் சொல்லவில்லை. எனக்கோ, அது செய்தியாகக்கூட இருக்கவில்லை என்று பட்டது.

இலங்கையில் எழுதி வைத்ததன் பலனைக் காட்டும் சான்றுகளும் உண்டு. மீன் அல்ல, திமிங்கிலம் பற்றியது ஒன்று. 1963 ஜனவரியில் இரத்மலானைக் கரையில் ஒதுங்கிய அலகுத் திமிங்கிலத்தை, தேசிய அருங்காட்சியகங்களின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல புதிய இனமென்று விவரித்து, சிங்களச் சொற்களிலிருந்து 'ஹொட்டவுலா' என்று பெயரிட்டார். இரண்டே ஆண்டுகளில் பிறநாட்டு அறிஞர்கள் அதை ஏற்கெனவே அறிந்த இனத்தோடு சேர்த்துப் பெயரை ஒதுக்கிவிட்டனர். 2014இல் மரபணு ஆய்வு வந்தது. தெரணியகல சொன்னதே சரி, அது தனி இனம்தான் என்று அப்பெயர் மீட்கப்பட்டது. 51 ஆண்டுகள் கழித்தும் அதை நிறுவ முடிந்ததென்றால், அவர் விவரத்தை எழுதி, எச்சத்தையும் பாதுகாத்து வைத்தமையே காரணம். மீன்களிலும் உதாரணம் உண்டு. 1976இல் ஹவாயிக்கு அப்பால் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட, மிக அரிதான பெருவாய்ச் சுறா இலங்கையிலும் உண்டென்ற முதற்பதிவு 2015இல் வெளியானது. ஒருவர் பார்த்தார், அளந்தார், எழுதினார்.

பரம்பல் பதிவு எப்போதும் மகிழ்ச்சிக்குரிய செய்தியல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தன்சானியாவில் 2003க்குப் பின் சில ஆண்டுகளிலேயே பல பத்து சீலகாந்துகள் பிடிபட்டன. மீன் பெருகியதால் அல்ல. கரையோர மீன்வளம் குறைய, சுறாவுக்கான செவுள்வலைகள் ஆழமான இடங்களுக்கு இறக்கப்பட்டதால். புதிய பதிவு என்பது, இதுவரை எட்டாத இடத்தை நம் வலை எட்டிவிட்டது என்ற அறிவிப்பாகவும் இருக்கலாம். சீலகாந்த் ஏறத்தாழ நூறாண்டு வாழக்கூடியது, குஞ்சை வயிற்றில் சுமார் ஐந்து ஆண்டுகள் சுமப்பது என்று 2021இல் வெளியான ஆய்வொன்று கூறியது. அப்படியானால், லற்றிமர் அந்த நீலச் செட்டையைக் கண்ட நாளில் பிறந்திருந்த மீனொன்று இன்றும் எங்கோ நீந்திக்கொண்டிருக்கக்கூடும். அத்தகைய மீன் ஒன்று வலையில் சிக்கி, எவரும் குறிக்காமல் இரையாக வெட்டப்பட்டால், இழப்பு இருமடங்கு. தன்சானியாவில் அந்தப் பதிவுகள் எழுதப்பட்டமையால்தான், 2009இல் தங்கா கரையோரத்தில் சீலகாந்துக்கென ஒரு கடற்பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. எழுதப்படாததைப் பாதுகாக்குமாறு எவரிடமும் கேட்க முடியாது.

நம் கடலில் சீலகாந்த் பதிவாகவில்லை. என் ஆறு வரி மீன் அதுவுமல்ல, அறிவியலை அதிரவைக்கும் வேறெதுவும் அல்ல என்றே நினைக்கிறேன். ஆனால் போர் நடந்த ஆண்டுகளில் வடக்கு கிழக்குக் கடல் மீனவருக்கே மூடிக் கிடந்தது. அந்தக் கால இடைவெளியில் அங்கு எவை இருந்தன, எவை மறைந்தன என்பதைச் சொல்ல, அவ்வப்போது ஒரு தூண்டிலில் ஏறிய மீனையும், அதைக் கண்டவரின் வாயையும் தவிர நமக்கு அதிகம் இல்லை. அந்த அரிய வாய்களில் ஒன்று என்னிடம் பேசியது. நான் கட்டுரைக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

இப்போது என் நினைவிலுள்ளதை, நினைவு என்று சொல்லியே, எழுதி வைக்கிறேன். 2003 ஜூலை. திருகோணமலை நகருக்கு வடக்கேயுள்ள கரை. கைத்தூண்டில். 160 பாகம், ஏறத்தாழ 290 மீற்றர். கரிய மீன், இரண்டு முழத்துக்குச் சற்றுக் கூட, சொரசொரப்பான தோல், பெரிய பச்சைக் கண். பிடித்தவருக்கு அன்று நாற்பது வயதிருக்கும். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. இது எந்த ஆய்விதழிலும் பதிவாகாது என்று எனக்குத் தெரியும்.

இந்தப் பக்கத்தைக் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வாசிப்போருள் அந்தக் கரையோரத்து மக்களும் இருக்கிறீர்கள் என்பதை உங்கள் மடல்களால் அறிவேன். அந்தக் கச்சான் காலத்தில், யாராவது வந்து பார்ப்பார்கள் என்று இரண்டு நாள் ஒரு மீனை ஐஸில் வைத்திருந்த மனிதரை உங்களுள் எவரேனும் அறிந்திருந்தால், அவருடைய பெயரை எனக்கு எழுதுங்கள். அவர் இருக்கிறார் என்றால், நேரில் போய்க் கேட்டு எழுதிக்கொள்வேன். இல்லை என்றாலும் எழுதிக்கொள்வேன். அந்த ஆறு வரித் துணுக்கை உறைக்குள் போடாமல் மேசைமேல் வைத்திருக்கிறேன்.